3 வெள்ளி 40 காசு அஞ்சலுக்கு 6 வெள்ளி வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஈசூனில் ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு மூவறை வீட்டுக்கு மாறப்போகிறோம். பிள்ளைகள் தனித்தனியாகப் போய்விட்டார்கள். இத்தனை வருஷம் சேர்ந்த பட்டுப் புடவைகள், எவர்சில்வர் பாத்திரங்கள், பிள்ளைகளின் கதைப் புத்தகங்கள், கிரைண்டர், இரண்டடிக் குத்துவிளக்கு என்று எல்லாவற்றையும் இணையத்தில் விற்கிறேன். போன வாரம் ஒரு புடவையை 25 வெள்ளிக்கு விற்று, "போஸ்டேஜ் 6 வெள்ளி" என்று போட்டு அதையும் வாங்கினேன். பார்சலில் ஒட்டியிருந்த சீட்டில் 3.40 என்று இருந்ததைப் பார்த்த அந்தப் பெண், "தபாலில்கூடவா லாபம் பார்ப்பீர்கள்?" என்று கேட்டு ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டார். கவர் வாங்கினேன், டேப் வாங்கினேன், வெயிலில் அஞ்சலகம்வரை நடந்தேன். அதற்கெல்லாம் காசு இல்லையா? "புடவைக்கு 12 வெள்ளி, டெலிவரிக்கு 15 வெள்ளி என்று போடுங்கள் அம்மா, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறான் மகன். செலவுக்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் பாவம் என்கிறார் நாத்தனார். எது நியாயம்? பார்சல் தொலைந்தால் யார் பொறுப்பு? இன்னொன்று. குத்துவிளக்கை மலேசியாவில் ஜொகூர் பாருவிலிருந்து ஒருவர் கேட்கிறார். கூரியர்காரரை அவரே அனுப்புகிறாராம். காப்பீட்டுக்கு 80 வெள்ளி மட்டும் நான் முதலில் கட்டினால், விளக்கின் விலையோடு சேர்த்துத் தந்துவிடுவதாகச் சொல்லி ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறார். கட்டலாமா?

பதில்: அம்மா, வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். அந்த லிங்க்கைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள். வாங்க வந்தவர் விற்கிறவரிடமே முன்பணம் கேட்டால் அவர் வாங்க வந்தவர் இல்லை. இணையத்தில் பொருள் விற்கிறவர்களைக் குறிவைக்கும் இந்த மோசடி பற்றிச் சிங்கப்பூர்க் காவல்துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் வங்கி விவரத்தையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ தட்டினால், 80 வெள்ளி மட்டுமல்ல, கணக்கில் இருப்பது மொத்தமும் போய்விடலாம். பேநவ் என்ற உடனடிப் பணப்பரிமாற்ற வசதி வழியாகப் பணம் பெற உங்கள் கைப்பேசி எண் போதும். காசு வாங்குவதற்கு எந்த லிங்க்கும் தேவையில்லை. ஏற்கெனவே ஏதாவது விவரம் கொடுத்திருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் வங்கியை அழையுங்கள். வங்கிச் செயலியிலேயே கணக்கை உடனே முடக்கும் வசதியும் இருக்கிறது. சந்தேகம் கேட்க வேண்டுமானால் 1799, அதுதான் ஸ்கேம்ஷீல்டு என்ற மோசடித் தடுப்பு உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள்.

இனி புடவை விஷயம். பார்சல் நிறுவனங்களுக்குக் கட்டணக் கணக்குப் போடுவதும், வீட்டிலிருந்து விற்கிறவர்களுக்கு யோசனை சொல்வதும்தான் என் தொழில். உங்களுக்கு வந்த மாதிரிச் சண்டைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று வெள்ளிக்காகத்தான் நடக்கின்றன. மனக்கசப்பு மட்டும் அந்தத் தொகைக்குப் பொருத்தமே இல்லாத அளவுக்குப் போய்விடுகிறது.

அந்தப் பெண்ணின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. "போஸ்டேஜ் 6 வெள்ளி" என்று படித்தவர், அஞ்சலகத்துக்கு 6 வெள்ளி போகிறது என்று நம்பித்தான் பணம் அனுப்பினார். போனது 3.40. மீதி 2.60 எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கவரும் டேப்பும் சும்மா வருவதில்லை. "அனுப்பும் செலவு பேக்கிங்கோடு சேர்த்து 4.50" என்று முதலிலேயே எழுதியிருந்தால் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்.

டெலிவரிக் கட்டணத்தில் இரண்டு செலவுகள்தான் வரலாம் என்பது என் முடிவு. ஒன்று, பார்சலைக் கொண்டுபோகிறவருக்கு நீங்கள் கொடுக்கும் காசு. இன்னொன்று, அந்த ஒரு பார்சலுக்காக நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கவர், டேப், பபுள் ராப், பெட்டி. நீங்கள் நடந்தது, படம் எடுத்தது, மடித்துக் கட்டியது, கேள்விக்கெல்லாம் பதில் எழுதியது, இவை அத்தனையும் உழைப்புதான், கூலிக்கு உரியவைதான். ஆனால் அந்தக் கூலி பொருளின் விலைக்குள் இருக்க வேண்டும். 25 வெள்ளிக்குப் பதில் 27 என்று போடுங்கள். யாரும் குறை சொல்ல முடியாது.

ஏன் இந்தப் பிரிவினை என்றால், விலையைப் பேரம் பேசலாம். புடவை 25 என்றால் "22க்குத் தருவீர்களா" என்று கேட்பார்கள், நீங்கள் 23 என்பீர்கள். டெலிவரிக் கட்டணத்தில் யாரும் பேரம் பேசுவதில்லை. அது விற்கிறவர் கைக்குப் போகவில்லை, நேரே தபாலுக்கோ கூரியருக்கோ போகிறது என்ற நம்பிக்கையில் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையை வைத்து நம் கூலியை உள்ளே சொருகினால், கேட்காமல் எடுத்துக்கொண்டதாகத்தான் ஆகும். எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

உங்கள் நாத்தனார் சொல்வது பெரும்பாலும் சரி, கொஞ்சம் கறார் அதிகம். பேக்கிங் சாமான் செலவுதான், லாபம் இல்லை. 4.20 ஆகிறது என்றால் 4.50 என்று முழுசாக்குவதிலும் தப்பில்லை, வாங்குகிறவர் "சரி" சொல்வதற்கு முன்பே அந்த 4.50 அவர் கண்ணில் பட்டிருந்தால். அவர் காசு கட்டின பிறகு வந்து "இன்னும் ஒரு வெள்ளி ஆகிவிட்டது" என்று கேட்காதீர்கள். நீங்கள் குறைத்துக் கணக்குப் போட்டிருந்தால் அந்த ஒரு வெள்ளி உங்களுடையது.

மகன் சொல்லும் வழி புதிது இல்லை. அமேசானில் பழைய புத்தகங்களை ஒரே ஒரு சென்ட்டுக்கு விற்று, அனுப்பும் கட்டணம் 3.99 அமெரிக்க டாலர் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. ஈபேயில் பொருளின் விலைக்கு மட்டும் கமிஷன் பிடித்தார்கள் என்பதால், விலையைக் கீழே இறக்கி அஞ்சல் கட்டணத்தில் ஏற்றி வைத்தவர்கள் உண்டு. 2011இல் ஈபே அனுப்பும் கட்டணத்துக்கும் சேர்த்தே கமிஷன் பிடிக்க ஆரம்பித்தது. இந்த உத்தி பலிக்காது என்று உங்கள் மகனிடம் நான் சொல்ல மாட்டேன். டன்ஜிம் ஹொசைன், ஜான் மார்கன் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் ஈபேயில் இசைத்தட்டுகளையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் ஏலத்தில் விட்டுச் சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஆரம்ப விலையைக் குறைவாக வைத்து அனுப்பும் கட்டணத்தைக் கூட்டியபோது, பெரும்பாலும் கூடுதல் பேர் ஏலம் கேட்டார்கள், மொத்த வசூலும் கூடியது. ஆனால் இசைத்தட்டின் விலையோடு ஒப்பிட்டால் அனுப்பும் கட்டணம் ரொம்பப் பெரிதாகத் தெரிந்த இடத்தில் அந்த லாபம் காணாமல் போனது. மனிதர் கண் முதலில் விலையில்தான் விழுகிறது என்பது உண்மை. அதனால்தான் இந்த வழி ஆசை காட்டுகிறது, அதனால்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு இடைஞ்சலும் இருக்கிறது, மகன் அதை யோசித்திருக்க மாட்டார். 12 வெள்ளி விலை, 15 வெள்ளி டெலிவரி என்று போட்ட அன்றைக்கே ஒருவர், "நானே ஈசூன் எம்ஆர்டிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதுவார். 12 வெள்ளிக்குப் புடவையைக் கொடுப்பீர்களா? கொடுத்தால் நஷ்டம். "நேரில் வந்தால் 25" என்றால், விலை என்று போட்டது பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ரயிலில் வந்துபோகிற ஊர் இது. நேரில் வாங்கினால் என்ன விலையோ அதுதான் பொருளின் விலை. டெலிவரிக் கட்டணம் அதற்கு மேல், நேரில் வர முடியாதவருக்கு மட்டும்.

"இலவச டெலிவரி" என்று போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம், புடவை 29 வெள்ளி, டெலிவரி உட்பட என்று. சின்னப் பொருளுக்கு அதுதான் தலைவலி இல்லாத வழி. நேரில் வருகிறவருக்கு மட்டும் அந்த நாலு வெள்ளியைக் குறைத்துக்கொடுங்கள். ஒரே ஆள் இரண்டு புடவை எடுத்து இரண்டும் ஒரே கவரில் போகிறது என்றால், இரண்டு டெலிவரிக் கட்டணம் வாங்காதீர்கள். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். தளம் தானாகவே இரண்டு முறை பிடித்திருந்தாலும், ஒன்றைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கட்டணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால், விளம்பரம் போடுவதற்கு முன்பே பொருளைக் கட்டி, எடை போட்டு, அளந்துவிட வேண்டும். விற்ற பிறகு அளக்கிறவர்தான் பயந்துபோய் 6 வெள்ளி என்று குத்துமதிப்பாகப் போடுகிறார். சமையலறைத் தராசும் தையல் டேப்பும் போதும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பார்சல்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் வருவது கொள்ளளவு எடை. சில நிறுவனங்கள் 6,000ஆல் வகுக்கும். நிஜ எடை, கொள்ளளவு எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. உள்ளூர்ச் சேவைகள் சில, எடையையும் அளவையும் வைத்துப் படிப்படியாக விலை போட்டிருக்கும். அங்கேயும் பெட்டி ஒரு விரல் நீண்டால் அடுத்த படிக்குத் தாவிவிடும்.

உங்கள் குத்துவிளக்கையே எடுத்துக்கொள்வோம். இரண்டடி விளக்கு, ஐந்து கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே நிறுத்திப் பெட்டியில் போட்டால் 70, 30, 30 சென்டிமீட்டரில் பெட்டி வேண்டும். பெருக்கினால் 63,000, ஐந்தாயிரத்தால் வகுத்தால் 12.6 கிலோ. ஐந்து கிலோ விளக்குக்குப் பன்னிரண்டரைக் கிலோவுக்கு மேல் கூலி! அதையே மரை கழற்றி, அன்னம், தட்டு, தண்டு, பீடம் என்று தனித்தனியாகப் பிரித்தால் 35, 30, 20 பெட்டிக்குள் அடங்கிவிடும். 21,000ஐ வகுத்தால் 4.2 கிலோ. நிஜ எடையான ஐந்து கிலோவுக்குக் கட்டினால் போதும். கால் மணி நேர வேலையில் வாங்குகிறவருக்கு நீங்கள் மிச்சம் பிடித்துக் கொடுக்கும் காசு இது.

பிரிப்பதற்கு முன்னால் புளி போட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். பிசுக்கு இருந்தால் அட்டை ஊறி, அடிப்பக்கம் வழியில் பிய்ந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொரு பாகத்தையும் பழைய தமிழ் முரசுத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். முதலில் அடிபடுவது மரைதான். அது நசுங்கினால் விளக்கு நேராக நிற்காது, அதனால் அந்த நுனிகளுக்குத் தனியாகத் துணியோ பபுள் ராப்போ கட்டுங்கள். தட்டில் திரி போடும் மூக்குகளுக்கும் அப்படியே. கனமான பீடம் கீழே, அன்னம் மேலே. மூடியதும் பெட்டியைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவும் உருளும் சத்தம் கேட்கக் கூடாது. டைசோவில் இரண்டு வெள்ளிச் சொச்சத்துக்கு வாங்கிய பபுள் ராப்பில் பாதி போயிருந்தால் ஒரு வெள்ளிச் சொச்சத்தைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், முழு ரோலையும் சேர்க்காதீர்கள். கீழ்க் கடையில் சும்மா கொடுத்த அட்டைப்பெட்டிக்குக் காசு வாங்காதீர்கள். பித்தளைக் கனத்துக்கு அது தாங்காது என்று கெட்டிப் பெட்டி வாங்கினீர்கள் என்றால் வாங்கிய விலையைப் போடுங்கள்.

கிரைண்டரை அனுப்பவே வேண்டாம். அந்தக் கல்லை வைத்துக்கொண்டு டெலிவரி, பேக்கிங் என்று பார்த்தால் பொருளின் விலையை நெருங்கிவிடும். "புளோக்குக்குக் கீழே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். தனித்தனிக் கதைப் புத்தகத்துக்கும் அதே கதிதான், இரண்டு வெள்ளிப் புத்தகத்துக்கு அதைவிடக் கூடுதலாகத் தபால் செலவு வரும். பத்தைச் சேர்த்து ஒரே கட்டாகப் போடுங்கள்.

தொலைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். தடமறியும் வசதி இல்லாத சாதாரண அஞ்சலில் போனது தொலைந்தால் பொதுவாக இழப்பீடு கிடையாது. தடமறியும் சேவையிலும் கிடைக்கும் இழப்பீட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. அதனால் அனுப்புவதற்கு முன் இரண்டு விலையையும் எழுதி, வாங்குகிறவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சாதாரண அஞ்சல் இவ்வளவு, தொலைந்தால் உங்கள் பொறுப்பு. தடமறியும் பார்சல் இவ்வளவு. அவர் எதைச் சொன்னார் என்பது உங்கள் உரையாடலிலேயே இருக்க வேண்டும், தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள். அவர் கூடுதல் காசு கொடுத்துத் தடமறியும் சேவையைக் கேட்டிருக்கும்போது, நீங்கள் மலிவான அஞ்சலில் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டால், தொலைந்ததற்கு முழுப் பொறுப்பும் உங்கள்மேல் விழும், அதுதான் நியாயமும். 50 வெள்ளிக்கு மேல் போகும் பட்டுப் புடவைக்கு நானாக இருந்தால் சாதாரண அஞ்சலை விளம்பரத்திலேயே போட மாட்டேன். கட்டுவதற்கு முன் ஒரு படம், கட்டிய பின் ஒரு படம், அஞ்சலக ரசீது, மூன்றையும் பொருள் போய்ச் சேரும்வரை வைத்திருங்கள்.

பொருள் நீங்கள் சொன்ன மாதிரி இல்லாமல், கறை இருக்கும் புடவையைக் கறை இல்லை என்று எழுதி அனுப்பியிருந்தால், விலையோடு சேர்த்துப் போன செலவு, வந்த செலவு இரண்டையும் திருப்பித் தர வேண்டியது நீங்கள்தான். அவருக்கு நிறம் பிடிக்கவில்லை என்றால் அது வேறு. திரும்ப வாங்குவதாக நீங்கள் ஒப்புக்கொண்டாலும், அனுப்பும் செலவு அவருடையது.

பேசித் தீராத வழக்கு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளிவரை, இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. உங்கள் விஷயம் அங்கே போகிற அளவு இல்லை. ஆனால் சொந்தச் சாமானை விற்று முடித்த பிறகு, ஊரிலிருந்து புடவை வரவழைத்து விற்கலாம் என்ற எண்ணம் வந்தால், அன்றைக்கு நீங்கள் வியாபாரி ஆகிவிடுகிறீர்கள். நியாயமான வர்த்தக முறைகள் பற்றிய பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். கட்டாயமாகக் கட்ட வேண்டிய கட்டணத்தை மறைத்து வைத்து, கடைசியில் காசு கட்டும் இடத்தில் காட்டுவதைப் பற்றி 2020 நவம்பர் 1 முதல் விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டி ஒன்றும் நடப்பில் இருக்கிறது. இப்போதே டெலிவரிக் கட்டணத்தை விளம்பரத்தின் முதல் வரியில், விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பழகிவிட்டால் அன்றைக்குச் சிரமம் இருக்காது.

உண்மையிலேயே ஜொகூரிலிருந்து ஒருவர் விளக்கைக் கேட்டால், பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியிருப்பதைச் செயலியில் பார்த்த பிறகு அனுப்புங்கள். அவர் அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். சுங்கப் படிவத்தில் பொருள் என்ன, எவ்வளவுக்கு விற்றது என்பதை உள்ளபடியே எழுதுங்கள். "கிஃப்ட் என்று போட்டுவிடுங்கள் அக்கா" என்று கேட்பவர்கள் உண்டு. பொய் அறிக்கையில் கையெழுத்துப் போடுவது நீங்கள், அவர் இல்லை. குறைத்து எழுதிய பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான் பேச முடியும். எல்லைக்கு அந்தப் பக்கம் வரி விழுந்தால் அது வாங்குகிறவர் பொறுப்பு என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

புடவை வாங்கிய பெண்ணுக்கு வருகிறேன். அஞ்சல் 3.40. கவரும் டேப்பும் 80 காசு என்று வைத்தால் மொத்தம் 4.20. நீங்கள் வாங்கியது 6. மீதி 1.80ஐ இன்றைக்கே பேநவ்வில் அனுப்பிவிடுங்கள். இந்த முறை முழுசாக்க வேண்டாம், அது அவரிடம் சொல்லாத கணக்கு. கூடவே இரண்டு வரி எழுதுங்கள், அஞ்சல் எவ்வளவு, பேக்கிங் எவ்வளவு, மீதி எவ்வளவு அனுப்புகிறேன் என்று. "நட்சத்திரத்தை மாற்றுங்கள்" என்று கேட்காதீர்கள். கேட்டால் அந்த 1.80 அதற்குக் கொடுத்த காசு மாதிரி ஆகிவிடும். அவர் மாற்றாமலே விட்டால், நீங்கள் விற்கும் தளத்தில் மதிப்பீட்டுக்குக் கீழே பதில் எழுத இடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதே இரண்டு வரியை அங்கேயும் போட்டுவிடுங்கள். அடுத்த புடவையைப் பார்க்க வருகிறவர்கள் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு அதைத்தான் படிப்பார்கள்.